வழிக்கும் மனைக்கும் ஒரே ஆட்டம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டித் தொப்பூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மேடையில் வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. விளையாட்டு சிறுவர்க்குரியது; இலக்கியம் பெரியோர்க்குரியது என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் சங்கப் புலவர்க்கு அத்தகைய எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நற்றிணையின் மூன்றாம் பாட்டு இளங்கீரனார் பாடியது, பாலைத் திணைக்குரியது. அதில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் புள்ளி விழுந்த நிழலில், கல்வி பயிலாச் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகிறார்கள். அத்தகைய சீறூர்ச் சுரத்தில் முன்னொருகால் சென்றபோது, வலிமை குன்றிய மாலைப் பொழுதில், மனையில் விளக்கேற்றி வருந்தியிருப்பாளே என்று தலைவியை நினைத்ததைத் தலைவன் தன் நெஞ்சுக்கு எடுத்துரைக்கிறான். ஒரே பாட்டில் ஆட்டம் வழியில் இருக்கிறது. விளக்கு மனையில் இருக்கிறது.

வழிக்கு ஒன்று, மனைக்கு ஒன்று என்னும் இந்தப் பிரிவே இன்றைய பேச்சின் பொருள். பயணத்தில் கையில் வைத்து ஆடும் கருவிக்கும், வீட்டில் தொலைக்காட்சியோடு பொருத்தி ஆடும் கருவிக்கும் ஆட்டங்கள் பொதுவாக இருக்க வேண்டுமா, தனித்தனியாக இருக்க வேண்டுமா என்பது நாற்பதாண்டுகளாக விளையாட்டுத் தொழிலில் பேசப்பட்டு வரும் சிக்கல். நூல்களின் சேர்க்கையை நூலகம் என்பது போல, ஒரு கருவியில் ஆடத்தக்க ஆட்டங்கள் அனைத்தின் சேர்க்கையையும் அதன் ஆட்டத் தொகை எனலாம். தொகை ஒன்றா, இரண்டா? இதுவே வினா.

இவ்வினாவை எழுப்புவதற்குத் தொப்பூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தொப்பூர் ஒரு கணவாய். சேலத்துச் சமவெளிக்கும் தருமபுரி மேட்டு நிலத்துக்கும் இடையிலுள்ள வாயில் இது. சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே இறங்குகிறது. சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையும் இம்மலைகளினூடேதான் வளைந்து செல்கிறது. ஓமலூரிலிருந்து ஏறிவரும் லாரிகளும், வடக்கிலிருந்து சரக்கேற்றி இறங்கிவரும் லாரிகளும் இரவும் பகலும் இவ்வூரைக் கடக்கின்றன. இங்கு வாழ்வோர்க்கு இது மனை. கடப்போர்க்கு இது வழி.

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ வீடு கொண்ட ஓர் ஓட்டுநரை எண்ணிப் பார்க்கலாம். மாதத்தில் பெரும்பாலான நாட்களை அவர் சாலையிலேயே கழிக்கிறார். இறக்கத்தில் இறங்குமுன் வண்டியை ஓரங்கட்டி, தேநீர்க் கடையில் அரைமணி இளைப்பாறும்போது கைப்பேசியில் ஓர் ஆட்டம் ஆடுகிறார். வீட்டில் அவர் மகன் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து வேறோர் ஆட்டம் ஆடுகிறான். தந்தை சாலையில் விட்ட இடத்திலிருந்து மகன் வீட்டில் தொடர முடியுமா? ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய ஆட்டம் இருவர்க்கும் உரியதாகுமா? அல்லது வழிக்கு ஒருமுறையும் மனைக்கு ஒருமுறையுமாக இருமுறை விலை கொடுக்க வேண்டுமா? பொருள் தேடி வழியில் செல்பவரையும் மனையில் இருப்பவரையும் இணைக்கும் இழை எது என்னும் பழைய வினாவே இங்கு வேறு உருவில் வருகிறது.

கருவிகள் இரண்டாகப் பிரிந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது நலம். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-இல் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் வீட்டுக் கருவியை வெளியிட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1980-இல், அந்நிறுவனத்தின் குன்பே யோகோய் 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் சிறு கருவிகளை உருவாக்கியிருந்தார். விரைவு ரயிலில் சலிப்புற்ற ஒரு பயணி தம் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்டதே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்று சொல்லப்படுவதுண்டு. 1989-இல் அவர் குழு 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. கையடக்கக் கருவி வழியிலே பிறந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

யோகோயின் கொள்கை எளிது: பழகித் தேய்ந்து விலை குறைந்துவிட்ட நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துதல். கேம் பாயின் திரையில் வண்ணமில்லை. பச்சை படர்ந்த நான்கு சாயல்களே இருந்தன. ஆனால் நான்கு சிறிய பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக அது ஓடியது. 1990-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'கேம் கியர்' வண்ணத் திரை உடையது. ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடுவது. வழியில் செல்வோர் வண்ணத்தை விட்டு நேரத்தைத் தேர்ந்தனர். கேம் பாயும் அதன் பிற்கால வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயின.

ஆகவே தொடக்கத்தில் தொகை இரண்டாக இருந்ததற்கு முதற் காரணம் வணிகச் சூழ்ச்சி அன்று, இயற்கையே. கையடக்கக் கருவி பேட்டரியில் ஓட வேண்டும். வெயிலில் தெரிய வேண்டும். பையில் அடங்க வேண்டும். வீட்டுக் கருவிக்கு இக்கட்டுகள் இல்லை. ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று தாங்காது. ஆனால் இயற்கையாகத் தோன்றிய பிரிவு விரைவில் உரிமைப் பிரிவாகவும் ஆயிற்று. அதற்குச் சான்று 'டெட்ரிஸ்' என்னும் ஆட்டம்.

மேலிருந்து விழும் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கும் அந்த ஆட்டத்தை 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்நோவ் படைத்தார். அவர் பயன்படுத்திய 'எலெக்ட்ரோனிகா 60' என்னும் கணிப்பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே கிடையாது. அடைப்புக்குறிகளைக் கொண்டே அவர் கட்டிகளைக் காட்டினார். இவ்வளவு எளிய ஆட்டத்துக்கு 1989-இல் நேர்ந்தது வியப்பானது. கையடக்கக் கருவியில் வெளியிடும் உரிமை ஒன்று, வீட்டுக் கருவியில் வெளியிடும் உரிமை வேறொன்று என்று ஒரே ஆட்டம் தனித்தனியாக விலை பேசப்பட்டது. ஹெங்க் ரோஜர்ஸ் என்பார் மாஸ்கோ சென்று முதலில் கையடக்க உரிமையைப் பெற்றார். பின்னர் வீட்டுக் கருவி உரிமையும் நின்டென்டோவுக்குக் கிடைத்தது. அதே ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு வெளியிட்டிருந்த மற்றொரு நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தின் தடையால் அதே ஆண்டில் தன் பதிப்பைக் கடையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. விழும் கட்டி ஒன்றே. அடுக்கும் விரல் ஒன்றே. ஆயினும் சட்டம் வழிக்கும் மனைக்கும் இடையே வேலி கட்டிற்று.

அதே காலத்தில் தமிழகத்தின் நிலை என்ன? 1990-களில் இங்குப் பரவிய தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்களே. அவற்றில் செருகும் ஆட்டப் பேழையைச் சிறுவர்கள் 'கேசட்' என்றே அழைத்தனர். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், நான்கு வீடுகளில் கேசட் இருக்கும். மாற்றி மாற்றி ஆடுவர். கையடக்கக் கருவி என்றால் திருவிழாக் கடையிலும் சென்னை பர்மா பஜாரிலும் கிடைத்த 'பிரிக் கேம்'தான். அதன் உறையில் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில ஆட்டங்களே. ஏனையவை வேகமும் நிலையும் மாறிய மறுபதிப்புகள். அவற்றுள் தலையாயது டெட்ரிஸ் சாயல் கொண்ட செங்கல் அடுக்கும் ஆட்டம். பஜித்நோவின் பெயரறியாமலே அவர் ஆட்டம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களை அடைந்துவிட்டது. மின்சாரம் நின்ற மாலையில் தொலைக்காட்சிப் பெட்டி வாளாவிருக்க, இரண்டு பேட்டரிகளில் அச்சிறு கருவி ஒலித்துக்கொண்டிருந்ததை அக்காலச் சிறுவர் மறந்திரார். அவர்களுக்கும் தொகை இரண்டாகத்தான் இருந்தது: மின்சாரம் உள்ளபோது ஒன்று, இல்லாதபோது மற்றொன்று.

தொகையை ஒன்றாக்கும் முயற்சிகள் அப்போதே தொடங்கிவிட்டன. 1990-இல் ஜப்பானில் வந்த 'பிசி எஞ்சின் ஜிடி' என்னும் கையடக்கக் கருவி, அதன் வீட்டுக் கருவிக்குரிய அதே அட்டைகளை ஏற்றது. 1995-இல் அமெரிக்காவில் சேகா வெளியிட்ட 'நோமாட்' வீட்டுக் கருவியின் அதே கேசட்டுகளை அப்படியே ஏற்றது. தொலைக்காட்சியோடும் அதனைப் பொருத்தலாம். இன்று புதுமை என்று போற்றப்படும் எண்ணம் அன்றே உருப்பெற்றிருந்தது. ஆயினும் அவை நிலைக்கவில்லை. விலை மிகுதி, பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்தது. அவற்றினும் நுண்ணிய குறை ஒன்றுண்டு: பெரிய தொலைக்காட்சித் திரைக்காக எழுதப்பட்ட எழுத்துகளும் உருவங்களும் உள்ளங்கைத் திரையில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. தொகை ஒன்றாயிற்று, ஆனால் பதிப்பு வேறாகவில்லை. அதுவே பிழை.

தமிழ்ப் பதிப்புலகம் இப்பிழையைச் செய்யவில்லை என்பதை இவ்வவை நன்கறியும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, ஏட்டில் இருந்ததை அப்படியே தாளில் கொட்டிவிடவில்லை. ஏடு என்னும் கருவிக்கு ஏற்ற எழுத்து முறை வேறு. அச்சு என்னும் கருவிக்கு ஏற்றது வேறு. புள்ளியிட்டு, அடி பிரித்து, உரை வேறு மூலம் வேறு என்று காட்டி, குறிப்பும் முன்னுரையும் சேர்த்தே நூலாக்கினார். பின்னாளில், 1950-களில், மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளியோரும் வாங்கத்தக்க மலிவு விலையில் வெளியிட்டார். பாட்டு ஒன்றே; ஏட்டைப் படிக்கத் தெரிந்த புலவர்க்கும், பேருந்தில் செல்லும் மாணவர்க்கும் உரிய தோற்றம் வேறு. ஒரே தொகையை இரு கருவிகளுக்கு வழங்குவது என்பதன் பொருள் இதுதான்: மூலத்தை மாற்றாமல், கண்ணுக்கும் கைக்கும் ஏற்பச் சந்தி பிரித்துக் கொடுத்தல்.

வீடியோ விளையாட்டுலகில் இது கைகூடப் பல ஆண்டுகள் ஆயின. 2011-இல் நின்டென்டோ 3டிஎஸ் என்னும் கையடக்கக் கருவியையும், 2012-இல் வீ யூ என்னும் வீட்டுக் கருவியையும் வெளியிட்டது. இரண்டுக்கும் தனித்தனி ஆட்டங்கள் தேவைப்பட்டன. 2014-இல் 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்னும் புகழ்பெற்ற ஆட்டம் இரு கருவிகளுக்கும் இரு வேறு வெளியீடுகளாக வந்தது. இரண்டிலும் ஆட விரும்பியவர் இருமுறை வாங்க வேண்டியிருந்தது. படங்கள் நுண்மை பெறப்பெற ஓர் ஆட்டத்தை உருவாக்கும் உழைப்பும் பெருகியது; இரு தொகைகளையும் நிரப்ப ஒரு நிறுவனத்தின் கலைஞர்கள் போதவில்லை. 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்க, வீ யூ ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. ஆட்டமின்றி வாடிய வீட்டுக் கருவி அது.

2017 மார்ச் 3 அன்று வெளிவந்த 'ஸ்விட்ச்' இச்சிக்கலுக்கு விடையாயிற்று. கையில் எடுத்தால் கையடக்கக் கருவி. தாங்கியில் வைத்தால் தொலைக்காட்சியில் விரியும் வீட்டுக் கருவி. கேசட் ஒன்று, விலை ஒருமுறை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதுவரை 15 கோடிக்கு மேல் விற்பனையாகியுள்ளது. 2025 ஜூனில் வந்த அதன் இரண்டாம் வடிவம், முதல் வடிவத்தின் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்கிறது. 2022-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீம் டெக்', மேசைக் கணிப்பொறிக்கு வாங்கிய ஆட்டங்களைக் கைக்குக் கொண்டுவந்தது. சந்தையின் தீர்ப்பு தெளிவானது: தொகை ஒன்றாகட்டும் என்பதே அது.

எனினும் சந்தையின் தீர்ப்பு கலையின் தீர்ப்பாகிவிடாது. மாற்றுக் கட்சியின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கேட்க வேண்டும். கவிஞர்கள் நிறைந்த அவையில் அவ்வாதத்துக்கு ஆதரவு மிகுதியாகவே இருக்கக்கூடும்.

அவ்வாதம் வருமாறு: சிறுமை என்பது பெருமையின் குறை அன்று, அது தனியொரு வடிவம். குறட்பா என்பது சுருக்கப்பட்ட காப்பியம் அன்று. இரண்டடிக்குள் அடங்க வேண்டும் என்னும் கட்டே அதன் ஆற்றலுக்குக் காரணம். அதுபோலவே சிறுதிரையும், குறைந்த நிறமும், பேருந்து வருவதற்குள் முடிந்தாக வேண்டிய ஐந்து நிமிடமும் தமக்கென்று ஆட்ட வடிவங்களைப் பெற்றெடுத்தன. 1996-இல் கேம் பாயில் வெளிவந்த 'போக்கிமான்' சிறந்த சான்று. சதோஷி தஜிரி தம் இளமையில் பூச்சி பிடித்துத் திரிந்த நினைவிலிருந்து அதை உருவாக்கினார். சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளில் எந்த ஒன்றிலும் எல்லா உயிர்களும் கிடைக்கமாட்டா. நண்பரின் கருவியைத் தம் கருவியோடு கம்பியால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு நிறைவுறும். ஆட்டத்தின் உயிர்நிலை இரு சிறுவர் நேரில் சந்திப்பதில் இருந்தது. சுவரை நோக்கி அமர்ந்து ஆடும் வீட்டுக் கருவியில் இவ்வெண்ணம் தோன்றியிராது. 2004-இல் வந்த 'டிஎஸ்' கருவியோ இரு திரைகள் கொண்டது. ஒன்றைத் தொட்டு ஆட வேண்டும். அதற்கென்றே இயற்றப்பட்ட ஆட்டங்களை ஒற்றைத் திரைக்கு மாற்றும்போது அவற்றின் அமைப்பே குலைகிறது.

தொகை ஒன்றானால் நேர்வது என்ன? படைப்போர் இரண்டுக்கும் பொதுவானதையே படைப்பர். பொதுவானது என்பது நாளடைவில் பெரியது என்றாகிவிடும். கையடக்கக் கருவி, பெரிய ஆட்டத்தைப் பார்க்கும் சிறு சாளரமாகச் சுருங்கிவிடும். விலையும் ஏறும்: ஜப்பானில் கேம் பாய் வெளிவந்தபோது 12,500 யென், ஸ்விட்ச் வெளிவந்தபோது 29,980 யென். இடைப்பட்ட இருபத்தெட்டாண்டில் பணத்தின் மதிப்பு மாறியிருப்பினும், சிறுவரின் சட்டைப்பைக்குரிய பொருள் குடும்பத்தின் முதலீடாக மாறியது உண்மை. பிரிந்திருந்த பழைய தொகையும் மறைகிறது. 3டிஎஸ் உற்பத்தி 2020-இல் நின்றது. அதற்கும் வீ யூவுக்கும் உரிய இணையக் கடை 2023 மார்ச் 27-இல் மூடப்பட்டது. கடையில் மட்டுமே விற்கப்பட்ட சிற்றாட்டங்களைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை. ஏடு செல்லரித்ததை அறிந்த தமிழர்க்கு இவ்விழப்பின் தன்மை சொல்லாமலே விளங்கும்.

இவ்வாதத்தின் வலிமையை மறுக்க இயலாது. ஆனால் இதன் முடிவு, தொகையைப் பிரித்தே வைக்க வேண்டும் என்பதாகுமா? இவ்விடத்தில்தான் தமிழரின் பழைய ஆட்டங்கள் வழிகாட்டுகின்றன.

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பெருவழக்கில் புலி மூன்று, ஆடு பதினைந்து. கோடுகள் சந்திக்கும் இடங்கள் இருபத்துமூன்று. கோயில் மண்டபத் தளங்களிலும் பாறைகளிலும் இதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைத் தமிழகமெங்கும் காணலாம். அது வழியில் உள்ள பலகை. அதே ஆட்டத்தை வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தும் ஆடுவர். மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவர் குச்சியால் மண்ணில் கீறி, மூன்று பெருங்கல்லும் பதினைந்து சிறுகல்லும் பொறுக்கி ஆடிவிட்டு, மந்தை நகர்ந்ததும் கோட்டைக் காலால் அழித்துவிட்டு எழுந்து போவார். கருவி மூன்று, ஆட்டம் ஒன்று. மண்ணில் ஆடியவர் கோயிலில் ஆடப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆட்டம் பலகைக்கு உரியதன்று. ஆடுவோரின் நினைவுக்கு உரியது.

பல்லாங்குழியும் அவ்வாறே. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் கொண்ட மரப்பலகை, மடித்து வைக்கும் வசதியோடு, மணமகளின் சீர்வரிசையில் சென்றது. பலகை வாங்க இயலாத வீட்டில் மண்தரையில் குழி பறித்துப் புளியங்கொட்டையால் ஆடினர். சோழி செல்வர்க்கு, புளியங்கொட்டை எளியோர்க்கு. ஆனால் நான்கு முத்துகள் சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கும் முறை இருவர்க்கும் ஒன்றே. தாயத்திலும் பித்தளைக் கட்டை உருட்டுவோரும், ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டையைக் குலுக்கிப் போடுவோரும் ஒரே தாயத்துக்குத்தான் காத்திருந்தனர்.

ஆனால் எல்லா ஆட்டமும் எல்லாக் கருவிக்கும் சென்றதா எனில், இல்லை. கழங்காட்டம் கையை விட்டுப் பலகைக்கு வரவே இல்லை. கல்லை மேலே எறிந்து, அது வீழுமுன் கீழிருப்பதை அள்ளும் விரைவே அதன் உயிர். அதனைக் கட்டத்தில் அடைக்க எவரும் முயலவில்லை; பலகையாட்டத்தின் முன் அதைத் தாழ்வாகவும் கருதவில்லை. தமிழர் ஆட்டத் தொகை ஒன்றாகவே இருந்தது. அதனுள் பலகைக்குரியதும் கைக்குரியதும் தத்தம் இடத்தில் இருந்தன.

இதனையே இலக்கியத்தில் எட்டுத்தொகை காட்டுகிறது. அகப்பாட்டுகளைத் தொகுத்த சான்றோர் அவற்றை அடியளவால் பிரித்தனர். நான்கு முதல் எட்டடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை நெடுந்தொகை எனப்படும் அகநானூறு. கபிலரும் பரணரும் மூன்றிலும் இருக்கிறார்கள். திணை ஐந்தும் மூன்றுக்கும் பொது. ஒன்றைக் கற்றவர்க்கு மற்றவற்றின் கதவு தானே திறக்கிறது. அளவால் அடுக்கு வேறு. மரபால் தொகை ஒன்று. குறுந்தொகைப் பாட்டை அகநானூற்றுப் பாட்டின் சுருக்கம் என்று எவரும் கூறார். சிறியதற்குத் தனி அடுக்குத் தந்து, அதனைப் பெரியதோடு ஒரே தொகையில் நிறுத்திய அச்சான்றோரின் முறையே வீடியோ விளையாட்டுச் சிக்கலுக்கும் நேரிய விடையாகும்.

ஆகவே கையடக்கக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் தொகை ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது முடிபு. ஆனால் அம்முடிபு மூன்று கட்டுகளுக்கு உட்பட்டது.

முதலாவது, ஒருமுறை வாங்கியது வாங்கியவர்க்கு எங்கும் உரியதாக வேண்டும். சாலையில் உள்ள தந்தைக்கும் வீட்டில் உள்ள மகனுக்கும் ஒரே ஆட்டத்தை இருமுறை விற்பது, பெட்டிக்கு ஏற்ப ஆளைப் பிரிப்பதாகும். 2012-இல் சோனி நிறுவனம் சில ஆட்டங்களை ஒருமுறை வாங்கினால் வீட்டுக் கருவியிலும் 'வீட்டா' என்னும் கையடக்கக் கருவியிலும் ஆடலாம் என்று அறிவித்தது. அஃது ஒரு நல்ல தொடக்கம். எனினும் சில ஆட்டங்களுக்கே சலுகையாக நின்றது. சலுகையாக வந்தது உரிமையாக வேண்டும்.

இரண்டாவது, தொகை ஒன்றாயினும் பதிப்பு அந்தந்தக் கருவிக்கு ஏற்றதாக வேண்டும். எழுத்துப் பெரிதாகவும், இடையில் நிறுத்தத் தக்கதாகவும், வெயிலில் தெரிவதாகவும் கையடக்கப் பதிப்பு அமைதல் வேண்டும். நோமாட் கருவியின் தோல்வி இதற்குப் பாடம். அதனோடு, கைக்கென்றே பிறக்கும் சிற்றாட்டங்களுக்குத் தனி அடுக்கும் தனி மதிப்பும் வேண்டும். 2019-இல் தொலைக்காட்சியோடு பொருந்தாத, கையில் மட்டும் ஆடும் 'ஸ்விட்ச் லைட்' 19,980 யென் விலையில் வந்தது. தொகை பொது, கருவி சிறிது, விலை குறைவு என்னும் அவ்வழி, எளியோர் வீட்டுப் புளியங்கொட்டையை நினைவூட்டுவது.

மூன்றாவதே மிக இன்றியமையாதது. ஒரே தொகை என்பது ஒரே பூட்டு என்றாகிவிடக் கூடாது. இந்தியாவில் இன்று கையடக்கக் கருவி என்பது கைப்பேசியே. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் சரிந்ததும், சிற்றூர் இளைஞர் கையிலும் உலக ஆட்டங்கள் வந்தன. 2018-இல் கைப்பேசிக்கு வந்த 'பப்ஜி' அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் இந்திய அரசு அதனைத் தடை செய்தது. அத்தடையின் நன்மை தீமை வேறு பேச்சு. ஆனால் இலட்சக்கணக்கானோர் தம்முடையது என்று எண்ணியிருந்த ஆட்டம் தம் கையில் இல்லை, எங்கோ ஒரு சேவைக் கணிப்பொறியில் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தனர். பாறையில் செதுக்கிய ஆடுபுலிக் கோட்டை எவரும் தொலைவிலிருந்து அழிக்க இயலாது. கேசட் கையில் இருந்தவரை தெருச் சிறுவர் அதைக் கைமாற்றினர். இணையக் கடையில் வாங்கிய ஆட்டத்தை நண்பருக்கு இரவல் தருவது எளிதன்று. தொகை ஒன்றாகும்போது, அத்தொகை ஒருவரின் கைப்பூட்டில் சிக்கினால், இழப்பும் ஒரே நாளில் முழுமையாக நேரும். இரண்டு ஏடுகள் இருந்தால் ஒன்று கரையான் வாய்ப்பட்டாலும் மற்றொன்று எஞ்சும். ஆகையால் ஒரே தொகையை வேண்டுவோர், அதன் படிகள் பல இடங்களில் பாதுகாக்கப்படுவதையும் சேர்த்தே வேண்டுதல் கடன்.

இவ்வட்டத்தின் பத்தாண்டுப் பணிக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இங்கு நாலடியில் முடியும் கவிதை படித்தோரும் உளர். நெடும்பாட்டு யாத்தோரும் உளர். பேருந்தில் எழுதியதும் உண்டு. வீட்டில் விளக்கின்கீழ் எழுதியதும் உண்டு. இம்மலர் இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைக்கிறது. சிறிய கவிதை இடம் நிரப்புவதற்காகப் பக்கத்தின் அடியில் ஒட்டப்படாமல் தனக்குரிய வெள்ளையோடு தனிப்பக்கத்தில் நின்றால், தொகுத்த சான்றோரின் மரபு தொடர்கிறது என்று கொள்ளலாம். இம்மலரின் படிகள் உறுப்பினர் வீடுகளோடு நில்லாமல், அருகிலுள்ள நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் செல்லுமாயின் மூன்றாவது கட்டும் நிறைவேறும்.

தொப்பூரை அடுத்துள்ளது அதியமான்கோட்டை. தருமபுரியே பழைய தகடூர் என்பர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தானே உண்ணாமல் அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு அளித்த செய்தியைப் புறநானூறு பேசுகிறது. அதே நெல்லியை நற்றிணைச் சிறுவர் வேப்பமர நிழலில் வட்டாக உருட்டினர். அரசன் கையில் கொடையாகவும் சிறுவர் கையில் ஆட்டக் காயாகவும் விளங்கிய கனி ஒன்றே. மேடையேறிய இவ்வுரை முடிந்தபின், மண்டபத்துக்கு வெளியே சாலையோரம் அமர்ந்து கைப்பேசியில் ஆடிக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநர் எவரையேனும் கண்டால், அவர் ஆடுவது என்ன ஆட்டம் என்று உறுப்பினர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் அவர் பிள்ளையும் அதையே ஆடுகிறதா என்பதையும் கேட்கலாம். அவர் தரும் விடை, இங்குக் கூறிய அனைத்தையும்விடப் பயனுடையதாக இருக்கக்கூடும்.